நானூறும் அறுநூறும்

கேமராவையும் லென்ஸையும் தனித்தனியாகப் பிரித்தால்தான் பைக்குள் அடங்கும். எந்தப் பொத்தானை அழுத்திக்கொண்டு எந்தப் பக்கம் திருக வேண்டும் என்று திலீப்புக்குப் பிடிபடவில்லை. சோபாவில் உட்கார்ந்து, அதை மடியில் கிடத்தி, இடமும் வலமுமாகத் திருகிப் பார்த்தான். அசையவில்லை. லென்ஸ் மட்டுமே நாலு கிலோ. அதன் முனையில் பாசிர் ரிஸ் ஆற்றுச் சேறு காய்ந்து ஒட்டியிருந்தது.

“அதை ஏன் இப்ப நோண்டிக்கிட்டு இருக்க?” என்றாள் பாக்கியலட்சுமி. சமையலறை வாசலில் நின்றிருந்தாள். நேற்றுக் காலையில் கட்டிய அதே சேலை. “மாமா ஃபோன் பண்ணாரு. வண்டி கார்பார்க்குக்கு வந்துருச்சாம். அப்பாவைப் பெட்டியோட இறக்கப் போறாங்க.”

“நடு ஹால்ல கிடக்குதும்மா. ஆளுங்க வருவாங்க.”

“அப்படியே கொண்டுபோய் கேபினெட்ல வை. பூட்டிட்டு வா.”

இடுப்பிலிருந்து சாவிக்கொத்தை எடுத்து நீட்டினாள்.

டிரை கேபினெட் அப்பாவின் படுக்கையறையில் சாமி அலமாரிக்கு அடுத்து நின்றது. சிங்கப்பூர் ஈரத்துக்கு லென்ஸுக்குள் பூஞ்சை பிடித்துவிடும் என்று அப்பா மருதப்பன் வாங்கி வைத்த கண்ணாடிக் கதவுப் பெட்டி. உள்ளே எப்போதும் சின்ன விளக்கு எரியும். பத்து மாதத்துக்கு முன் அவருக்கு பைபாஸ் நடந்து வீடு திரும்பிய அன்றே, அம்மா அந்தப் பெரிய லென்ஸை உள்ளே வைத்துப் பூட்டிச் சாவியைத் தன் கொத்தில் கோத்துக்கொண்டாள். கனம் தூக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். மாதம் ஒரு முறை அப்பா சாவி கேட்பார். லென்ஸைத் துடைத்து, பேட்டரியைச் சார்ஜ் போட்டுவிட்டுத் திரும்ப வைப்பார். அம்மா பக்கத்திலேயே நிற்பாள்.

கேபினெட்டின் கீழ்த்தட்டில் சின்ன கேமரா இருந்தது. பைபாஸுக்குப் பிறகு திலீப் வாங்கிக் கொடுத்தது, வழக்கமாக அப்பாவின் தோள்பையிலேயே இருப்பது. அது அங்கே இருந்ததைப் பார்த்து அவனுக்கு நேற்றே கோபம் வந்திருந்தது. இதைத்தான் எடுத்துப் போவேன் என்று சொன்ன மனிதர், இதை வீட்டில் வைத்துவிட்டு நாலு கிலோவைத் தூக்கிக்கொண்டு போயிருக்கிறார். சாவி அவருக்கு எப்படிக் கிடைத்தது என்று அம்மாவைக் கேட்கவில்லை. கேட்டால் அம்மாவும் பதிலுக்கு ஏதாவது கேட்பாள்.

அவள் கேட்கக் கூடாத ஒன்று அவனிடம் இருந்தது.

சனிக்கிழமை காலை ஏழு பதினாலுக்கு அப்பா அவனைக் கூப்பிட்டிருந்தார். சாங்கி விமான நிலையக் கார்கோவில் இரவு ஷிஃப்ட் முடித்து வந்து, குளித்து, அப்போதுதான் படுத்திருந்தான். திரையில் அப்பா என்று வந்ததைப் பார்த்தான். பக்கத்துப் பொத்தானை அழுத்திச் சத்தத்தை நிறுத்திவிட்டு ஃபோனைக் கவிழ்த்து வைத்தான். பறவை வந்திருக்கிறது, வரவில்லை, இரண்டில் ஒன்றாக இருக்கும். எழுந்து பேசிக்கொள்ளலாம் என்று நினைத்தான். அவனை எழுப்பியது போலீஸ்காரரின் அழைப்பு. பாசிர் ரிஸ் பூங்காவில் ஆற்றோரமாக, கேமரா மாட்டிய ட்ரைபாடுக்குப் பக்கத்தில் சாய்ந்து கிடந்த பெரியவரை ஜாகிங் போன ஒரு பெண் பத்து ஐந்துக்குப் பார்த்திருக்கிறாள். ஆம்புலன்ஸ் வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது.

ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது அந்தப் பெரிய கேமராவை ஆன் செய்து பார்த்தான். கடைசிப் படம் வந்தது. கீழே சின்ன எழுத்தில் நேரம்: 07:11. அதற்கு மேல் பார்க்கத் தைரியமில்லாமல் அணைத்துவிட்டான். ஏழு பதினொன்றுக்குக் கடைசிப் படம். ஏழு பதினாலுக்கு மகனுக்கு ஃபோன். பத்து ஐந்துக்கு யாரோ ஒருத்தி. நடுவில் இரண்டு மணி ஐம்பத்தொரு நிமிடம். கணக்கில் எப்போதுமே சுமாரான திலீப் இந்தக் கழித்தலை மட்டும் நேற்றிலிருந்து நூறு தடவை போட்டிருந்தான். ஒவ்வொரு தடவையும் சரியாகவே வந்தது.

“ஃபோன் வந்ததா?” என்று போலீஸ்காரர் கேட்டபோது, “தூங்கிட்டேன்” என்றான். அம்மா பக்கத்தில் நின்று தலையாட்டினாள்.

அவர்கள் குடியிருந்த பிடோக் புளோக்கின் கீழ்த்தளத்தில் வெள்ளைத் துணி கட்டி, மின்விசிறிகள் வைத்து, ஐம்பது நாற்காலிகள் போட்டிருந்தார்கள். அம்மாவின் அண்ணன், பெரிய மாமா, துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு எல்லாவற்றையும் ஏவிக்கொண்டிருந்தார். மூன்று மணிக்கு மண்டாய் தகனச்சாலைக்குக் கிளம்ப வேண்டும். வந்தவர்கள் பெட்டியைப் பார்த்துவிட்டு, பொட்டலச் சர்பத்தை உறிஞ்சிக்கொண்டு, திலீப்பின் கையைப் பிடித்தார்கள்.

“கொடுத்து வச்ச சாவு தம்பி. பிடிச்ச வேலையச் செஞ்சுக்கிட்டே போயிட்டாரு. ஒரு நிமிஷம்கூடக் கஷ்டப்பட்டிருக்க மாட்டாரு.”

“ஆமாங்க” என்றான் திலீப்.

ஏழெட்டுப் பேர் இதையே சொன்னார்கள். ஏழெட்டு முறையும் ஆமாங்க என்றான். அவனுக்கு அழுகை வரவில்லை, தூக்கம்தான் வந்தது. அதுவே கேவலமாக இருந்தது. பள்ளிக்கூட நாட்களில் போர்வையை இழுக்கும்போது அம்மா சொல்வாள், தூங்குறவனை எழுப்பலாம், தூங்குற மாதிரி நடிக்கிறவனை எழுப்ப முடியாது என்று. அப்போது போர்வைக்குள் சிரிப்பு வரும்.

“நீ வாங்கிக் குடுத்த கேமராவோடதான் போனாராமே?” என்றார் யாரோ ஒரு சித்தப்பா.

“இல்ல சித்தப்பா. பழசு.”

வாங்கிய நாள் நன்றாக நினைவிருந்தது. அப்பா இரண்டு மாதம் ஆராய்ந்தார். அவர் இருபத்தெட்டு வருடம் பேருந்துப் பணிமனையில் மெக்கானிக்காக இருந்தவர். எந்தப் பொருளையும் பிரித்துப் பார்க்காமல் நம்ப மாட்டார். கேமராவைப் பற்றிச் சண்டையில்லை. எடை குறைந்தது, பறக்கும் பறவையின் கண்ணைத் தானே தேடிப் பிடிப்பது, நொடிக்கு இருபது படம் எடுப்பது, அது முடிவாகிவிட்டது. லென்ஸில்தான் சிக்கல். நூறிலிருந்து நானூறு மில்லிமீட்டர் வரை போகும் லென்ஸ் ஒன்று, இருநூறிலிருந்து அறுநூறு வரை போய்த் தூரத்தை இன்னும் பக்கத்தில் இழுப்பது இன்னொன்று. இரண்டுக்கும் எழுநூறு கிராம் வித்தியாசம்.

நார்த் பிரிட்ஜ் ரோட்டில் மாடியிலிருந்த கடைக்கு ஒரு காலை நேரம் போனார்கள். திலீப் ஷிஃப்ட் முடித்து நேராக வந்திருந்தான். அப்பா பெரியதைத் தூக்கிக் கண்ணில் வைத்துக்கொண்டு, “டைம் பாரு” என்றார். ஒன்றரை நிமிடம் அசையாமல் பிடித்தார். பிறகு அதை அவன் கையில் கொடுத்தார்.

“மேல பிடிக்காத. இடது கைய அடியில குடு. கனம் முழுக்க அந்தக் கையில உக்காரணும். ம், அப்படித்தான்.”

“கனமா இருக்குப்பா.”

“எனக்கு ஓகேதான் லா. நானூறுன்னா ஆத்துக்கு அந்தப் பக்கம் இருக்கிறது பறவையாத் தெரியாது, புள்ளியாத்தான் தெரியும்.”

“டாக்டர் என்ன சொன்னாரு? நானூறே போதும்ப்பா. இதையே எடுப்போம்.”

டாக்டர் எடையைப் பற்றிச் சொன்னது உண்மைதான். ஆனால் அன்றைக்கு அவனுக்கு டாக்டரைவிடத் தலையணைதான் முக்கியமாக இருந்தது. இன்னும் அரை மணி நேரம் நின்று, இரண்டையும் ஜன்னல் வழியாக எதிர்க் கட்டடத்துப் புறாவின்மேல் வைத்துப் பார்க்க அப்பா ஆசைப்பட்டார். திலீப் நானூறுக்கே கார்டை நீட்டிவிட்டான். அப்பா அதற்குப் பிறகு ஒரு வார்த்தை சொல்லவில்லை. பார்க்கிறவர்களிடமெல்லாம், என் மகன் வாங்கிக் குடுத்தது, என்றுதான் காட்டினார்.

பதினோரு மணிக்கு ஹனீபா வந்தார். அப்பாவின் பணிமனையிலேயே பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். பறவை பார்க்க அப்பாவை முதன்முதலில் இழுத்துக்கொண்டு போனவரும் அவர்தான். மருமகள் வீட்டு விசேஷத்துக்கு ஜொகூர் போயிருந்ததால் நேற்று அவர் ஆற்றோரத்தில் இல்லை. பெட்டிக்கு முன் நீண்ட நேரம் நின்றார். பிறகு திலீப்பிடம் வந்தார்.

“தம்பி, ஒரு உதவி வேணும். நம்ம குரூப்ல யாராச்சும் போயிட்டா, அவங்க கடைசியா எடுத்த படத்தை பிரிண்ட் போட்டுப் பெட்டிக்குள்ள வைப்போம். போன வருஷம் மிஸ்டர் டானுக்கு வச்சோம். உங்கப்பாதான் செலக்ட் பண்ணாரு. ஜாலான் புசார்ல ஒரு கடை ஞாயித்துக்கிழமையும் திறந்திருக்கும். கேமராவோட மெமரி கார்டைக் குடுத்தா ரெண்டு மணிக்குள்ள வந்துடுவேன்.”

கார்டைக் கொடுத்தால் நேரம் தெரியும். ஏழு பதினொன்றிலிருந்து பத்து ஐந்து வரை என்ன நடந்தது என்று குழுவே கேட்கும். யாருக்காவது ஃபோன் பண்ணியிருக்கலாமே என்பார்கள்.

“கேமரா போலீஸ்கிட்ட இருக்கு அங்கிள்.”

“அப்படியா. பரவாயில்ல.” ஹனீபாவின் முகம் வாடிவிட்டது.

பின்னால் உட்கார்ந்திருந்த அம்மா தலையைத் தூக்கினாள். “மேலதான் இருக்கு பாய். காலையில இவன்தான் உள்ள வச்சான்.” பிறகு மகனைப் பார்த்துச் சொன்னாள், “அசதியில மறந்துட்ட போல. கூட்டிட்டுப் போய்க் காட்டு.”

லிஃப்டில் ஏறினார்கள். ஹனீபா அந்தப் பொய்யைக் கண்டுகொள்ளாத மாதிரி மாடி எண்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

படுக்கையறையில் அவர் கேமராவை ஒரு கையால் அழுத்தி ஒரு திருகு திருகினார், லென்ஸ் கழன்று வந்தது. அதைக் கட்டிலில் பத்திரமாக வைத்துவிட்டுப் படங்களைத் தள்ளிப் பார்க்க ஆரம்பித்தார். கருந்தலை மீன்கொத்தி. குளிர்காலத்தில் எப்போதாவது வந்து தங்கிப் போகிற பறவை. நீலச் சிறகு, சிவந்த அலகு. தண்ணீரை நோக்கிப் பாய்வது, மூழ்குவது, மேலே வருவது என்று வரிசையாக ஓடின.

“யா அல்லாஹ். பிடிச்சுட்டான்யா. மூணு வருஷமாத் தேடினான்.” ஹனீபா கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு, “ம்?” என்றார்.

திலீப் திரையைப் பார்க்காமல் கேபினெட் விளக்கைப் பார்த்தான்.

“இந்த டைம் தப்பு தம்பி.”

“என்ன அங்கிள்?”

“ஏழு பதினொன்னுன்னு காட்டுது. ஏழு மணிக்கு அந்த இடம் எப்படி இருக்கும் தெரியுமா? வெளிச்சம் அப்பத்தான் எட்டிப் பார்க்கும். பாரு, இங்க நிழல் சின்னதா விழுது. ஐஎஸ்ஓ எண்ணூறுதான், நல்ல வெளிச்சத்துல வைக்கிறது. அந்த நேரத்துல பத்தாயிரத்துக்கு ஏத்தினாலும் இப்படி எடுக்க முடியாது.” விரலால் பின்னோக்கித் தள்ளினார். “இதோ, முதல் படம். ஆறு பத்துன்னு போட்டிருக்கு. ஆறு பத்துக்கு இங்க கும்மிருட்டு லா. படத்துல வெயில் அடிக்குது.”

அவன் எட்டிப் பார்த்தான். மரக்கிளையில் பறவை, இலைகளின்மேல் பளிச்சென்று வெயில்.

ஹனீபா சற்று நேரம் கட்டிலில் உட்கார்ந்து யோசித்தார். பிறகு நெற்றியில் தட்டிக்கொண்டார். “வேடந்தாங்கல். போன மார்ச் நாலு பேரு போனோமே. எல்லாப் படத்தையும் ஒண்ணாச் சேர்க்கும்போது வரிசை மாறக் கூடாதுன்னு, நான்தான் எல்லாரையும் இந்தியா டைமுக்கு மாத்தச் சொன்னேன். திரும்பி வந்த வாரமே இவருக்கு நெஞ்சுவலி. கேமராவை உள்ள வச்சுப் பூட்டியாச்சு. இது இன்னும் இந்தியாவுலதான் இருக்கு தம்பி. ரெண்டரை மணி நேரம் கூட்டிக்கணும்.”

திலீப் கூட்டினான். முதல் படம் எட்டு நாற்பது. கடைசிப் படம் ஒன்பது நாற்பத்தொன்று.

அப்படியானால் அவர் இரண்டு மணி ஐம்பத்தொரு நிமிடம் அங்கே கிடக்கவில்லை. இருபத்துநாலு நிமிடம். அதிலும் எத்தனை நிமிடம் உயிரோடு என்று யாருக்கும் தெரியாது. ஏழு பதினாலுக்கு அவருக்கு எந்த வலியும் இல்லை. அவன் அப்படியே தரையில் உட்கார்ந்தான். நேற்றிலிருந்து வராத அழுகை வந்தது. ஹனீபா அவன் தலையில் கை வைத்தார். காரணம் கேட்கவில்லை. அப்பாவுக்காக அழுகிறான் என்றுதான் நினைத்திருப்பார்.

கார்டை எடுத்துக்கொண்டு அவர் போன பிறகு திலீப் முகம் கழுவிவிட்டு வந்து லென்ஸை உள்ளே வைத்தான். கீழ்த்தட்டில் சின்ன கேமரா. வலி இல்லையென்றால் ஏழு பதினாலுக்கு எதற்குக் கூப்பிட்டார்? கையை நீட்டி அதை எடுத்து ஆன் செய்தான். இதில் நேரம் சரியாக இருந்தது. கடைசியாக எடுத்தது நேற்று, 07:09. சாம்பல் நிறத் தண்ணீர். அக்கரையில் இருண்ட புதர். பெரிதாக்கினான். புதருக்கு நடுவில் நீலமாக ஒரு புள்ளி.

இந்தக் கேமராவோடுதான் விடியுமுன் போயிருக்கிறார். சொன்ன சொல்லை மீறவில்லை. ஐந்து நிமிடம் புள்ளியைப் பார்த்துவிட்டு, மகன் வீட்டுக்கு வந்திருப்பான் என்று கணக்குப் போட்டு, ஃபோன் பண்ணியிருக்கிறார். பெரிய லென்ஸை எடுத்துக்கொண்டு வா என்று சொல்ல. மகன் எடுக்கவில்லை. பேருந்தில் வீட்டுக்கு வந்து, தானே தூக்கிக்கொண்டு போயிருக்கிறார்.

கேபினெட் கதவைச் சாத்தினான். சாவியைத் திருப்பிய பிறகும் கொஞ்ச நேரம் அதைப் பிடித்துக்கொண்டே நின்றான். கீழே மாமா அவன் பெயரைச் சொல்லிக் கத்துவது கேட்டது.

அவனுக்கு மொட்டையடித்து, தலையில் தண்ணீர் ஊற்றி, ஈர வேட்டியோடு நிறுத்தினார்கள். சொன்னதையெல்லாம் செய்தான். வாய்க்கரிசி போட்டான். இரண்டு மணிக்கு ஹனீபா ஒரு அட்டை உறையோடு வந்தார். அம்மாதான் படத்தை வாங்கினாள். பறவை தண்ணீரிலிருந்து எழும் நொடி. அலகில் குட்டி மீன், சுற்றிலும் நீர்த்துளிகள். சேலைத் தலைப்பால் படத்தை ஒரு முறை துடைத்து, அப்பாவின் கைக்கு அடியில் வைத்தாள். மேளம் வாசித்துக்கொண்டிருந்தவர்கள் நிறுத்தும்வரை அவள் அந்தப் பறவையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் காலை மண்டாயில் அஸ்தி வாங்கி, அதைக் கரைக்க சாங்கி கடற்கரைக்குக் கிளம்பினார்கள். படகுக்குச் சொல்லியிருந்தது. மாமா வண்டியை ஓட்டினார். காதில் கருவியை மாட்டிக்கொண்டு யாரோ பந்தல்காரரோடு பேசிக்கொண்டே வந்தார். பின்னால் அம்மாவும் அவனும். சிவப்புத் துணியால் மூடிக் கட்டிய கலயம் அவன் மடியில் இருந்தது.

எக்ஸ்பிரஸ்வேயில் ஏறிய பிறகு அம்மா பேசினாள். ஜன்னலைப் பார்த்தபடியே பேசினாள்.

“சாவிய நான்தான் குடுத்தேன்.”

திலீப் கலயத்தின் முடிச்சைப் பிடித்தான்.

“எட்டு மணிக்குத் திரும்பி வந்தாரு. சின்னப் பிள்ளை மாதிரி அந்தச் சின்ன கேமராவை என் கண்ணுக்கு நேரா நீட்டி, பாரு பாக்கியம், கடுகு மாதிரித் தெரியுதுன்னாரு. எனக்குச் சிரிப்பு வந்துருச்சு. இத்தனை மாசம் ஒரு தடவைகூட சாவிக்கு அடம் பிடிக்கல. போகட்டும்னு குடுத்துட்டேன். டாக்ஸி பிடிச்சுக்கிறேன், நடக்க மாட்டேன்னாரு.” மூச்சு வாங்கிக்கொண்டாள். “போலீஸ்கிட்ட சொல்லல. உன்கிட்டயும் சொல்லல. குடுத்திருக்கக் கூடாது.”

“அம்மா.”

“திலீப்பை எழுப்பவா, கூட வருவான்னு கேட்டேன். வேணாம், நைட் ஷிஃப்ட் பாத்துட்டு வந்து படுத்திருக்கான், தூங்கட்டும்னாரு.”

வண்டிக்கு மேலே ஒரு விமானம் தாழ்வாகக் கடந்து போனது. அதன் சத்தம் அடங்கும்வரை இருவரும் காத்திருந்தார்கள். இப்போது சொல்லாவிட்டால் எப்போதும் சொல்ல மாட்டான் என்று அவனுக்குத் தெரிந்தது.

“அவர் ஃபோன் பண்ணப்ப நான் தூங்கலம்மா. பார்த்துட்டுத்தான்…”

“தெரியும்.”

அவன் திரும்பிப் பார்த்தான்.

“ஹால்ல துணி மடிச்சுக்கிட்டு இருந்தேன். உன் ரூம்ல ஃபோன் அடிச்சுச்சு. ரெண்டு தடவை அடிச்சுட்டு நின்னுருச்சு.” அம்மா இன்னும் ஜன்னல் பக்கமாகவே இருந்தாள். “நீயும் அசந்து போய்த்தானே வந்த.”

மாமா முன்னாலிருந்து, அடுத்த வெளிவழிதானே என்று கேட்டார். ஆமாம் மாமா என்றான். குரல் சரியாக வரவில்லை, மறுபடியும் சொன்னான்.

வண்டி திரும்பியபோது கலயம் ஒரு பக்கமாகச் சரிந்தது. அம்மா கையை நீட்டினாள்.

“கனமா இருக்கா? குடு, கொஞ்ச நேரம் நான் வச்சுக்கிறேன்.”

“வேணாம்மா. நானே வச்சுக்கிறேன்.”

மேலே முடிச்சைப் பிடித்திருந்த கையை எடுத்தான். இடது கையை அடியில் கொடுத்து, கனம் முழுவதும் அதில் உட்காரும்படி பிடித்துக்கொண்டான்.